டிஸ்க்கில் விட்ட எண்ணெய்

மார்ச் 3, செவ்வாய்
பம்ப் நிலையக் குடியிருப்பு

தங்கைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் உறையின் பின்பக்கம் "சைக்கிள் பழுது பற்றி மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எதற்கு மசியாவிட்டாலும் பழுதான சாமானுக்கு நீ மசிவாய்.

பதினான்கு மாதம் பேசாமல் இருந்தவனுக்கு இதுதான் கிடைத்ததா என்று கேட்பாய். தாராளமாகக் கேள். ஜனவரியில் என்னை இந்த மலைக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டியின் மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். போன் சிக்னல் கிடையாது. இருந்தாலும் என்ன, என் நம்பரைத்தான் நீ தடுத்து வைத்திருக்கிறாயே. செவ்வாயும் வெள்ளியும் ஒரு வேன் சாமானும் தபாலும் கொண்டுவரும். குடியிருப்பு மேலே, பம்ப் அறை மூன்று கிலோமீட்டர் கீழே. நடுவில் ஏழு வளைவு.

இங்கிருந்து மாற்றலாகிப் போன எலக்ட்ரீஷியனிடம் ஒரு பழைய மலைச் சைக்கிளை வாங்கினேன். முள் முள்ளாக டயர், முன்னால் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். "ஒரு குறையும் இல்ல சார், கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார். சொன்ன கையோடு அதே வேனில் ஏறிப் போய்விட்டார். இப்போது நிலவரம் என்னவென்றால், ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் குதிக்கிறது. இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக். பிரேக் பிடித்தால் வருகிற கீச் சத்தத்தில் சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்க்கிறார். இங்கே மொத்தமே நான்கு பேர்தான், நான்கு பேருக்கும் நான் எந்த வளைவில் இருக்கிறேன் என்று தெரிகிறது.

லிப்ட் கம்பெனியில் சேர்வதற்கு முன்பே நீ மூன்று ஓட்டைச் சைக்கிளை ஓட வைத்தவள். எங்கே ஆரம்பிப்பது என்று எழுது.

உன் வக்கீலின் கடிதமும் வந்தது. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், எழுத்தில் வேண்டாம்.

உன் அண்ணன்,
வீட்டில் நீங்கள் வைத்த பெயர் இன்னும் செல்லுமானால், சமாதானம்


மார்ச் 7, சனி

மதிப்பிற்குரிய சமாதானம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிரித்தேன். உறையின் பின்பக்கத்துக்காகத்தான் பிரித்தேன்.

செயின்: ஒரு ஸ்கேலை எடுத்துச் செயின் மேல் வையுங்கள். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யம் வைத்தால் பன்னிரண்டாவது அங்குலத்தில் சரியாக இன்னொரு ஆணி வர வேண்டும். அது கோட்டைத் தாண்டி, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். மாற்றுங்கள். புதுச் செயின் போட்டும் குதித்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். கியர் தாவுகிறதே என்று கேபிள் திருகைக் கண்டபடி திருகாதீர்கள். கால் சுற்றுத் திருகு, மிதித்துப் பார், மறுபடி கால் சுற்று.

பெடல்: கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்ப இறுக்கமாகப் போடுங்கள். பாதி டிக் சத்தம் அதிலேயே போய்விடும்.

பிரேக்: சத்தம் முன் சக்கரத்திலா பின் சக்கரத்திலா, காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா என்று எழுதுங்கள். அதுவரை அதில் கை வைக்க வேண்டாம்.

சைக்கிள் முடிந்தது. இனி என் விஷயம். எழுத்தில் வேண்டாம் என்று தாங்கள் சொன்னதால் எழுத்திலேயே எழுதுகிறேன்.

விவாகரத்து வழக்கு ஏப்ரல் 23, வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அந்த மனிதர் என்னை ஒரு நாளும் தொட்டதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் எடுத்தெறிந்து பேசுகிறவள், கோபக்காரி, என் மணிக்கட்டு முறிந்தது என் கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் "வழுக்கி விழுந்ததால்" என்றுதான் இருக்கிறது. ஏனென்றால் நான் அப்படித்தான் சொன்னேன், அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்த வெளியாள் ஒருவர்தான். தாங்கள்தான்.

வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்துச் சொல்ல வேண்டாம். எனக்குத் தங்களிடம் வேண்டியது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
மிளகாய்


மார்ச் 13, வெள்ளி

அடி மிளகாய்,

"தாங்கள்" என்கிறாய், "அவர்களுக்கு" என்கிறாய். கடிதத்தைப் படிக்கும்போது எழுந்து நிற்க வேண்டுமோ என்று தோன்றியது.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆணி கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. வேன் டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன், புதுச் செயின் இன்று வருகிறது. நாளை மாட்டிவிடுவேன்.

பெடல் கதையைக் கேட்டால் சிரிப்பாய். ஸ்பேனரை மாட்டி எல்லாத் திருகையும் கழற்றுகிற பக்கமாகத்தான் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகினேன். அசையவில்லை. குழாய் மேலேயே ஏறி நின்றேன். பம்ப் ஆபரேட்டர் இதைப் பார்த்துவிட்டு, "அது இடது பெடல் சார், அதுக்கு மரை தலைகீழ். நீங்க ஒரு மணி நேரமா இறுக்கிட்டு இருக்கீங்க" என்றார். பிறகு எதிர்ப்பக்கமாக இரண்டு பேர் சேர்ந்து தள்ளியதும் கழன்றது. கிரீஸ் வைத்துப் போட்டுவிட்டேன். டிக் போன இடம் தெரியவில்லை. அந்தத் தலைகீழ் விஷயத்தை நீ வேண்டுமென்றே எழுதாமல் விட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கோர்ட் விஷயம். கோபப்படாமல் படி. நான் உனக்கு எதிரி இல்லை. ஆனால் நான் கூண்டில் ஏறி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டால் அதோடு எல்லாம் முறிந்துவிடும். யாரும் திரும்பி ஒரு வார்த்தை பேச முடியாது. நான் ஒருமுறை அவரைப் பார்த்துப் பேசட்டுமா? பரஸ்பர சம்மதம் என்று எழுதி, யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல், மரியாதையாகப் பிரிந்துவிடலாமே. உனக்கு வேண்டியது பிரிவுதானே? அதை அமைதியாகவே வாங்கித் தருகிறேன். அவர் என் பேச்சைக் கேட்பார்.

பிரேக்கைப் பற்றிக் கவலைப்படாதே. அதற்கு அப்பாவின் வைத்தியம்தான். நேற்று இரண்டு சக்கரத்துக்கும் பார்த்தேன், சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கிப் பார்க்கப் போகிறேன்.

உன்
சமாதானம்


மார்ச் 16, திங்கள்

அண்ணா,

அப்பாவின் வைத்தியம் என்றால் எண்ணெய்தானே? டிஸ்க்கில் எண்ணெய் விட்டாயா?

ஓட்டாதே. உருட்டிக்கொண்டு போ. சமதளத்தில்கூட ஏறாதே. டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. சத்தம் நின்றதற்குக் காரணம் அதுதான். பிரேக் கட்டை டிஸ்க்கைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும், நீ அதை வழுக்க வைத்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் எனக்கு இன்று மதியம்தான் வந்தது. நாளை விடியற்காலை வேன் கிளம்பும் இடத்துக்கே போய் இதை டிரைவர் கையில் கொடுக்கப் போகிறேன். கம்பெனிக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டேன். நிலையத்துக்கு ஆபீஸ் போன் ஏதாவது இருக்கிறதா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டேன். வயர்லெஸ் மட்டும்தானாம், சொந்த விஷயத்துக்குத் தர மாட்டார்களாம்.

முழுசாக இருக்கிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுதி அதே டிரைவரிடம் கொடு.


மார்ச் 20, வெள்ளி

தங்கைக்கு,

செவ்வாயன்று டிரைவர் அவசரப்பட்டார், பதில் எழுத முடியவில்லை. முழுசாகத்தான் இருக்கிறேன். வீணாக லீவு போட்டிருக்கிறாய்.

உன் கடிதத்துக்குப் பிறகு சைக்கிளை ஓட்டவில்லை. கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறேன். எழுத்து கோணல் மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. பம்ப் அறைப் படியில் ஈரம், வழுக்கிவிட்டேன். வலது தோளில் லேசான அடி. கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் இடது கையால் எழுதுகிறேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

மற்றபடி எல்லாம் நலம்.

அண்ணன்


மார்ச் 23, திங்கள்

அண்ணா,

எனக்கே காது குத்துகிறாயா?

நீ எந்தப் படியிலும் வழுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நீ சைக்கிளில் இறங்கினாய், பிரேக் பிடிக்கவில்லை, விழுந்தாய். என் கடிதத்துக்குப் பிறகு ஓட்டவில்லை என்கிறாயே, அதற்கு முன்னால் ஓட்டினாயா என்று சொல்லாமல் தாண்டிப் போகிறாய். லேசான அடிக்கு யாரும் கையைக் கட்டித் தொங்கவிட மாட்டார்கள். தோள் எலும்பு முறிந்திருக்கிறது.

பார்த்தாயா, எவ்வளவு சுலபம். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கக் கடிதத்தை வைத்துக்கொண்டு எண்பது மைல் தள்ளி உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டேன். நீ என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய்.

அந்த நவம்பர் மாதம் நான் கதவைத் திறந்தபோது மணிக்கட்டில் துண்டு சுற்றியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார். நீ என் கையைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், பிறகு "பாத்து நடக்கக் கூடாதா" என்றாய். உட்கார்ந்து டீ குடித்தாய். அந்த டீயை நீ குடித்து முடிக்கிற வரைக்கும் நான் காத்துக்கொண்டிருந்தேன் அண்ணா. நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு தடவை.

அடுத்த மாதம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்தாய். அவரோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினாய். போகும்போது வாசலில் என்னிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றாய். நான் வீட்டை விட்டு வந்தபோது, "இப்படிப் பாதியில வந்துட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றாய். அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததில்லை. என்னை வந்து பார்த்தவர்களும் யாருமில்லை.

நம் வீட்டில் எந்தக் கதவு கீச்சென்றாலும் அப்பா எண்ணெய் டப்பாவோடு வந்துவிடுவார். கீல் ஏன் இறங்கியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கீலோடு நிறுத்திக்கொண்டார். நீதான் எல்லாவற்றிலும் பூசி மெழுகக் கற்றுக்கொண்டாய். இப்போது அந்த மனிதரோடு அமைதியாகப் பேசி வாங்கித் தருகிறேன் என்கிறாய். எனக்கு அமைதி வேண்டாம். அவர் செய்தார் என்று ஒரு இடத்தில் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் நான் சாகிற வரைக்கும் வழுக்கி விழுந்தவளாகவே இருப்பேன்.

இனி நீ எழுதுவதானால் உண்மையை எழுது. இல்லையென்றால் எழுதாதே. தோள் எப்படி இருக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிளகாய்


மார்ச் 31, செவ்வாய்

தங்கைக்கு,

ஒரு வேனைத் தவறவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்ததில் வெள்ளிக்கிழமை போய்விட்டது.

தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. நீ சொன்னபடிதான் நடந்தது. சனிக்கிழமை புதுச் செயினை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினேன். முதல் வளைவு வரைக்கும் சொகுசாக இருந்தது, சத்தமே இல்லை. இரண்டாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடியோடு ஒட்டும்வரை அழுத்தினேன், வண்டி பாட்டுக்கு ஓடியது. மூன்றாவது வளைவில் சமையல்காரம்மா காய்கறிப் பையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். சத்தம் போடலாம் என்றால் வாய் வரவில்லை. அவரைத் தவிர்த்து ஜல்லிக் குவியலில் திருப்பினேன். அவருடைய பையில் கைப்பிடி பட்டுப் பை பறந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் அவருடைய இடுப்பு. இந்த நினைப்புதான் தூங்க விடவில்லை.

அவர்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தினமும் கத்திட்டு வருமே, எங்க போச்சு சத்தம்?" என்று கேட்டார். எண்ணெய் விட்டதைச் சொன்னேன். "நீங்க சத்தத்த நிறுத்திட்டீங்க சார், வண்டிய நிறுத்த வழி பண்ணல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகும் உனக்குப் படி, ஈரம் என்று எழுதினேன். ஏன் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நீ பேசுவாய், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

இனி அந்த நவம்பர். நீ நினைப்பதைவிட மோசம். எனக்குப் புரியாமல் போயிருக்கும் என்று ஒரு ஓரத்தில் நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் புரிந்தது. டீக்கு முன்னால் கை கழுவ நான் பாத்ரூமுக்குப் போனேன். தரை காய்ந்து கிடந்தது. சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வழியில் படுக்கையறைக் கதவைப் பார்த்தேன், உள்தாழ்ப்பாள் பெயர்ந்து ஒற்றை ஆணியில் தொங்கியது. உன் தோளுக்குக் கீழே, ரவிக்கைக் கை முடிகிற இடத்தில், நாலு விரல் தடம். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து டீ குடித்தேன். சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டார், போதும் என்றேன்.

கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். சொன்னால் அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவரோடு சண்டை போட வேண்டும். எனக்குச் சண்டை வராது, சின்ன வயதிலிருந்தே வராது, அதைப் பாராட்டித்தான் எல்லாரும் எனக்குப் பெயரே வைத்தீர்கள். நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கோழை. உன் கையைவிட என் நிம்மதியைப் பெரிதாக நினைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஏப்ரல் 23 வருகிறேன். நீ நம்ப வேண்டாம், வந்த பிறகு பார்த்துக்கொள்.

அந்தப் பிரேக்கைச் சரிசெய்ய முடியுமா? ஓட்டுவதற்கு அல்ல. ஆபரேட்டர் அந்தச் சைக்கிளைக் கேட்கிறார். எண்ணெயோடு அவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 4, சனி

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை லிப்டின் மேல் உட்கார்ந்து, எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில். கீழே நின்ற உதவியாளர் "அக்கா, என்னாச்சு, கயிறுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சோப்பு காய்ந்திருந்ததுகூடப் பார்த்திருக்கிறாய். உனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேன், அதில் ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல் இப்போது இல்லை. ஆனால் நான் கற்பனை செய்துகொள்கிறவள் இல்லை என்பது தெரிந்தது. அவர் வக்கீல் நோட்டீஸில் கேட்ட கேள்விகளில் எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. உண்மையிலேயே வழுக்கினேனோ என்று ஒருநாள் பாத்ரூமில் நின்று யோசித்திருக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. இருந்தால் சொல்வேன்.

பிரேக்கைச் சரிசெய்யலாம். எண்ணெய் ஊறிய கட்டைகளைக் கழற்றித் தூக்கிப் போடு. தேய்க்கலாமா, சுடலாமா, சோப்புப் போடலாமா என்று கேட்காதே, இத்தனை எண்ணெய் குடித்த கட்டையை நம்பி மலையில் இறங்க முடியாது. புது ஜோடி இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். டிஸ்க்கை ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன்னால் தடவுகிற ஸ்பிரிட்டால் துடை. சுத்தமான துணி, ஒருதரம் துடைத்த பக்கத்தால் மறுபடி துடைக்காதே. துணி வெள்ளையாகவே வருகிறவரை துடை. அதற்குப் பிறகு டிஸ்க்கை விரலால் தொடக் கூடாது, விரலிலும் எண்ணெய் இருக்கிறது.

கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பாகம் இரண்டு போல்ட்டில் நிற்கும். அதைக் கொஞ்சம் தளர்த்து. ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்போது இன்னொருவர் போல்ட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க் நடுவில் ஓடும், உரசாது. உனக்கு ஒற்றைக் கைதான் இருக்கிறது, ஆபரேட்டரைக் கூப்பிடு. உன் பழைய சத்தத்துக்குக் காரணமும் இதுவாகத்தான் இருந்திருக்கும், பாகம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை.

புதுக் கட்டை உடனே பிடிக்காது. சமதளத்தில் ஓரளவு வேகமாகப் போய், மெல்ல அழுத்தி, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழுதாக நிற்கக் கூடாது. இப்படி ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது தடவை. அதைச் செய்யாமல் யாரையும் இறக்கத்தில் விடாதே.

இன்னொன்று. வக்கீல் உன் வாக்குமூலத்தை முன்கூட்டியே கேட்கிறார், 17ஆம் தேதிக்குள் வேண்டும். பார்த்தது மட்டும். உன் மனசாட்சி, உன் பயம், அதெல்லாம் எனக்கு எழுதியதோடு போதும், கோர்ட்டுக்கு வேண்டாம்.

மிளகாய்


ஏப்ரல் 14, செவ்வாய்

தங்கைக்கு,

சைக்கிள் நின்றது. நின்றது என்றால், எங்கே அழுத்தினோமோ அங்கே நின்றது. ஆபரேட்டர் போல்ட்டை இறுக்கினார், நான் இடது கையால் பிரேக்கைப் பிடித்தேன், சமையல்காரம்மா டார்ச் காட்டினார். இருபது தடவை ஆபரேட்டர்தான் ஓட்டினார், எண்ணியது சமையல்காரம்மா. பதினெட்டிலேயே முடித்துவிடலாம் என்று ஆபரேட்டர் பார்த்தபோது, "இன்னும் ரெண்டு இருக்கு, ஓட்டுங்க" என்று அந்தம்மா விரட்டினார். மழையில் நனைந்தால் லேசாகக் கத்துகிறது. காய்ந்ததும் நின்றுவிடுகிறது. இப்போது நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தம்மா தம் கடைசி மகளுக்குக்கூட எழுதியிருக்கிறாராம், இங்கே பிரேக்குக்கு எண்ணெய் விடுகிற ஒரு ஆபீசர் இருக்கிறார் என்று.

வாக்குமூலம் கீழே. விரல் இப்போது நகர்கிறது, அதனால் வலது கையாலேயே எழுதினேன். வக்கீல் எப்படி வேண்டுமானாலும் டைப் அடித்துக்கொள்ளட்டும், வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

"நான் மனுதாரரின் அண்ணன். போன வருடத்துக்கு முந்தின வருடம், நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை சுமார் நான்கு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் தங்கையின் இடது மணிக்கட்டில் துண்டு சுற்றியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அப்போது அவளுடைய கணவர் அவளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றார். சில நிமிடங்களில் நான் குளியலறைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. சோப்பும் வாளியும் காய்ந்திருந்தன. படுக்கையறைக் கதவின் உள்தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தது. அவளுடைய வலது கையின் மேற்பகுதியில் நான்கு விரல் பதிந்த தடம் இருந்தது. டிசம்பரில் தன் கணவர் தன்னை அடிப்பதாக அவள் என்னிடம் போனில் சொன்னாள். நான் அவரிடம் போய்ப் பேசினேன். தான் கை நீட்டியது உண்மை என்றும், இனிமேல் நடக்காது என்றும் அவர் என்னிடம் சொன்னார். நான் இதை என் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை."

கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு இந்தத் தாளைக் கிழித்துவிடாதே. அந்த ஒரு மணி நேரச் சிரிப்புக்கு நடுவில் அவர் சொன்னார். ஒத்துக்கொண்டாரே, இதோடு முடிந்தது, உன்னிடம் சொன்னால் நீ அதையே பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இதைத்தான் உன்னிடம் எழுத முடியாமல் போன மாதம் ஐந்து தாளைக் கிழித்தேன். ஆறாவது தாளிலும் விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய் வேனில் இறங்குகிறேன். உன் வீட்டில் தங்கக் கேட்கவில்லை, கோர்ட்டுக்கு எதிரில் ஒரு விடுதி இருக்கிறதாம்.

அண்ணன்


ஏப்ரல் 27, திங்கள்

அண்ணா,

நீ ஏறிய வேன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றேன், ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசவில்லை. நேரில் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் வாக்குமூலம் வந்த அன்று அந்தத் தாளைக் கிழிக்கத்தான் கை போனது. அவர் உன்னிடம் ஒத்துக்கொண்டார், நீ அதைப் பதினாறு மாதம் மடியில் கட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பதினாறு மாதமும் நான் ஒருத்தி மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 21ஆம் தேதி நீ ஊருக்கு வந்த பிறகும் விடுதிப் பக்கம் நான் வராததற்குக் காரணம் அதுதான். வந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன். உனக்கு ஏற்கெனவே ஒரு எலும்பு முறிந்திருக்கிறது.

கோர்ட்டில் நீ கட்டுப் போட்ட கையோடு கூண்டில் ஏறியபோது அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார், பழைய சிரிப்பு. நீயும் சிரித்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. குனிந்துகொள்ளவும் இல்லை.

அவருடைய வக்கீல் உன்னைக் கேட்டாரே, "இவ்வளவையும் பாத்துட்டு சும்மா இருந்தேன்னு நீங்களே சொல்றீங்க. உங்களை எப்படிங்க நம்புறது?" என்று. அதற்கு நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே ஞாபகம் இருக்காது. நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு இடத்தில் இருக்கட்டும்.

"என்னை நம்ப வேணாங்க. அவள நம்புங்க. அவ அப்பவே சொன்னா. நான்தான் நம்பாத மாதிரி இருந்துட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். நான் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நமக்குச் சாதகமாக வரலாம் என்கிறார் வக்கீல், வராமலும் போகலாம் என்கிறார். அவருக்கு இரண்டும் ஒரே குரல்தான். எனக்கு முன்புபோலப் பதற்றமாக இல்லை. எழுதப்பட்டுவிட்டது.

மன்னிப்பைப் பற்றி நீ மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இன்னும் கோபம் இருக்கிறது, அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. உன் நம்பரின் தடையை மட்டும் எடுத்துவிட்டேன். அங்கே சிக்னல் இல்லை என்பதும் தெரியும்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெளியே வந்ததும் கோர்ட் வாசலில், அத்தனை பேர் போய்வருகிற இடத்தில், நான் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உனக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், காதெல்லாம் சிவந்துவிட்டது உனக்கு. ஆனாலும் நீ அழாதே என்று சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. நல்ல கையால் பையைப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

மிளகாய்